கொல்லிமலை மிளகும் ஒரு சொல்லின் அமானத்தும்



கடைக்கு வாடகை உண்டு, சரக்கு வண்டிக்குக் கூலி உண்டு, தராசுக்கு முத்திரைக் கட்டணம் உண்டு என்பதை நம் வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வந்துள்ளன. இப்போது இவற்றோடு இன்னொரு செலவும் சேர்ந்துள்ளது. அது சொல்லுக்குக் கொடுக்கும் விலை. கைபேசியில் ஒருவர் எதையேனும் தேடும்போது, முடிவுகளின் மேற்பகுதியில் விளம்பரம் என்பதைக் காட்டும் குறிப்போடு சில கடைகள் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடம் ஏலத்தில் கிடைப்பது. தேடுபவர் தட்டச்சு செய்யும் சொல்லின் மீது கடைக்காரர் விலை கூறுகிறார். தேடுபவர் அந்த விளம்பரத்தை க்ளிக் செய்தால் மட்டும் அவருடைய கணக்கிலிருந்து பணம் கழிகிறது. பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் கழிந்தது கழிந்ததுதான்.

மத்ரஸாவில் பாடம் நடத்தும் நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நம்மிடம் ஓதிச் சென்ற பிள்ளைகள் இன்று துணிக்கடையிலும் மளிகைக் கடையிலும் மட்டும் இல்லை. இணையத்திலும் கடை வைத்திருக்கிறார்கள். “ஹஜ்ரத், இது கூடுமா?” என்று அவர்கள் வந்து கேட்கும்போது, அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் பதில் கூறுவது முறையாகாது. ஆகவே ஒரு மாணவருடன் பல மாலைகள் அமர்ந்து நாமும் இதைக் கற்றோம். கற்றதில் நம் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடியதை இங்கே எழுதுகிறோம்.

அந்த மாணவரின் ஊர் நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ளது. அவருடைய அத்தா பல ஆண்டுகளாக மலைக்குச் சென்று மிளகும் காப்பிக் கொட்டையும் வாங்கிவந்து மொத்த வியாபாரிகளுக்குக் கொடுப்பவர். மகனோ, மூட்டையாகக் கொடுப்பதைவிடக் கால் கிலோப் பொட்டலங்களாக நேரே வீடுகளுக்கு அனுப்பினால் நல்ல இலாபம் கிடைக்கும் என்று கருதினார். தாயார் தமது வளையல்களை விற்றுப் பணம் கொடுத்தார். இணையக் கடை திறந்தது. தேடல் விளம்பரமும் தொடங்கியது. அவர் தேர்ந்தெடுத்த சொற்கள் மூன்று: ‘மிளகு’, ‘மசாலா’, ‘கொல்லிமலை’. ஒரே மாதத்தில் தாயார் கொடுத்த தொகையில் பாதிக்கு மேல் கரைந்தது. விற்ற பொட்டலங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சொற்கள் எங்கே பிழைத்தன?

‘கொல்லிமலை’ என்று தேடுபவர் யார் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டும் என்ற ஆவலில் இருக்கும் இளைஞர் தேடுகிறார். ஆகாய கங்கை அருவியில் நீர் விழுகிறதா என்று அறிய விரும்புபவர் தேடுகிறார். தங்கும் அறையின் வாடகை, நாமக்கல்லிலிருந்து பேருந்து புறப்படும் நேரம், வல்வில் ஓரியின் வரலாறு என்று ஆளுக்கொரு தேவை. இவர்களில் மிளகு வாங்க வந்தவர் நூற்றில் ஒருவராக இருந்தாலே பெரிது. ‘மிளகு’ என்ற சொல்லும் அப்படித்தான். மிளகு ரசம் வைக்கும் முறையைத் தேடும் சகோதரி, இன்றைய மிளகு விலையைப் பார்க்கும் தோட்டக்காரர், மிளகு நாற்று எங்கே கிடைக்கும் என்று கேட்கும் விவசாயி, பரீட்சைக்குக் கட்டுரை எழுதும் மாணவி ஆகிய அனைவரும் அதே சொல்லின் கீழ் வந்து நிற்கிறார்கள். அவர்களில் யார் தவறுதலாக விளம்பரத்தைத் தொட்டாலும் வளையல் விற்ற பணத்திலிருந்து சில ரூபாய் போகிறது. மேலும், இத்தகைய ஒற்றைச் சொற்களுக்குப் பெரிய நிறுவனங்களும் போட்டியிடுவதால் அவற்றின் விலையும் உயர்வாகவே இருக்கும்.

இதற்கு மாற்றாகவே ‘லாங் டெயில் கீவேர்டு’ என்று இத்துறையினர் கூறும் நீள்வால் சொற்கள் இருக்கின்றன. ‘கொல்லிமலை மிளகு 1 கிலோ விலை’, ‘கொல்லிமலை மிளகு ஆன்லைனில் வாங்க’, ‘வெயிலில் காயவைத்த மலை மிளகு கால் கிலோ’ போன்றவை. இவற்றைத் தட்டச்சு செய்பவர்கள் மிகச் சிலரே. ஆனால், அந்தச் சிலர் எதை வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வந்தவர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர் ‘மிளகு’ என்பார். கையில் பையோடு வந்தவர் அளவையும் ஊரையும் சேர்த்துச் சொல்வார். நம் மளிகைக் கடைகளில் தினமும் காண்பதுதான் இது.

‘நீண்ட வால்’ என்ற பெயருக்கு ஒரு விளக்கம் தேவை. சொல் நீளமாக இருப்பதால் இந்தப் பெயர் வரவில்லை. மக்கள் தேடும் சொற்களை எண்ணிக்கை வாரியாக வரிசைப்படுத்திக் கோடு வரைந்தால், மிகுதியாகத் தேடப்படும் சில சொற்கள் தலைபோல் உயர்ந்தும், எப்போதேனும் தேடப்படும் எண்ணற்ற சொற்கள் வால்போல் தாழ்ந்து நீண்டும் காணப்படும். அமெரிக்காவின் ‘வயர்டு’ இதழில் கிறிஸ் ஆண்டர்சன் 2004ஆம் ஆண்டு அக்டோபரில் எழுதிய கட்டுரை, இணைய வணிகத்தில் இந்த வாலுக்கு உள்ள மதிப்பைப் பரவலாக அறியச் செய்தது. அந்த வால் எவ்வளவு நீளமானது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். தனக்கு ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு, அதற்கு முன் ஒருபோதும் வராதவை என்று கூகுள் நிறுவனமே பலமுறை தெரிவித்துள்ளது. மனிதத் தேவைகள் அவ்வளவு விதமானவை.

ஏலம் நடக்கும் விதம்

சொல்லை ஏலம் விடும் இந்த முறையை 1998இல் கலிபோர்னியாவில் பில் கிராஸ் என்பவரின் ‘கோடு டாட் காம்’ என்ற தேடல் நிறுவனம் தொடங்கியது. கூகுள் தனது ‘ஆட்வேர்ட்ஸ்’ விளம்பரத் திட்டத்தை 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அறிமுகப்படுத்தி, 2002இல் க்ளிக்குக்குப் பணம் என்ற ஏல முறைக்கு மாற்றியது. 2018இல் அதற்கு ‘கூகுள் ஆட்ஸ்’ என்று பெயர் மாறியது. இந்த ஏலத்தில் ஒரு சிறப்பு உண்டு. அதிகப் பணம் கூறுபவருக்கே இடம் என்பதில்லை. தேடியவரின் சொல்லுக்கும் விளம்பரத்தின் வாசகத்துக்கும் பொருத்தம் உண்டா, மக்கள் அதைத் தொடும் வாய்ப்பு எவ்வளவு, தொட்டபின் திறக்கும் பக்கத்தில் சொன்ன பொருள் இருக்கிறதா என்பனவும் கணக்கில் சேர்கின்றன. ஆகவே, பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்த சிறு கடைக்காரர் குறைந்த பணத்தில் பெரிய நிறுவனத்துக்கு மேலே தோன்றவும் வாய்ப்புண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்பவை. ‘மிளகு’ என்ற சொல்லில் ஒரு க்ளிக்குக்கு 10 ரூபாய் என்று கொள்வோம். 100 பேர் தொட்டால் 1,000 ரூபாய். அவர்களில் இருவர் வாங்கினால் ஒரு வாங்குநரைப் பெற 500 ரூபாய் செலவு. ஒரு பொட்டலத்தில் 60 ரூபாய் இலாபம் பார்ப்பவருக்கு இது தற்கொலைக்கு ஒப்பான வியாபாரம். நீள்வால் சொல்லில் ஒரு க்ளிக்குக்கு 4 ரூபாய் என்று கொள்வோம். 20 பேர் தொட்டால் 80 ரூபாய். அவர்களிலும் இருவர் வாங்கினால் ஆளுக்கு 40 ரூபாய். இலாபம் சிறிதுதான், ஆனால் முதல் மிஞ்சுகிறது.

நம் மாணவர் இரண்டாம் மாதத்தில் செய்தவற்றை வரிசையாகக் கூறுகிறோம். பிறருக்கும் பயன்படலாம்.

முதலில், மக்கள் உண்மையில் என்னென்ன தட்டச்சு செய்து தம் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்ற அறிக்கையை எடுத்துப் படித்தார். விளம்பரக் கணக்கிலேயே அது கிடைக்கும். தாம் வாங்கிய சொல் வேறு, மக்கள் எழுதிய சொல் வேறு என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இரண்டாவதாக, ‘இந்தச் சொல் இருந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே’ என்று கூறும் விலக்குச் சொற்களின் பட்டியலைத் தயாரித்தார். அருவி, அறை, பேருந்து, வளைவு, ரசம், குழம்பு, சிக்கன், நாற்று, இன்றைய விலை ஆகியவை அதில் சேர்ந்தன. இந்த ஒரு வேலையே வீண்செலவின் பெரும்பகுதியை நிறுத்தியது.

மூன்றாவதாக, தமிழர்கள் எழுதும் விதங்களைக் கவனித்தார். ‘கொல்லிமலை’ என்று சேர்த்தும் ‘கொல்லி மலை’ என்று பிரித்தும் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர்கள் ஒரு எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதுகிறார்கள். குரலில் கேட்பவர்கள் ‘கொல்லிமலை மிளகு எங்க கிடைக்கும்’ என்று பேச்சு வழக்கில் முழு வாக்கியமாகக் கேட்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் வாங்குபவர்கள் வந்து சேரும் வாசல்கள்.

நான்காவதாக, அளவறிந்து நிறுத்திக்கொண்டார். மிக அரிதான சொல்லைத் தேர்ந்தெடுத்தால் அதை ஒருவரும் தேடமாட்டார். ‘தேடல் குறைவு’ என்று குறிப்பிட்டு அமைப்பே அதை ஒதுக்கிவைத்துவிடும். எனவே, தேடலில் அந்தச் சொற்களின் பொருள் அடங்கியிருந்தால் போதும், முன்னும் பின்னும் வேறு சொற்கள் இருக்கலாம் என்ற பொருத்த முறையைத் தேர்ந்தெடுத்தார்.

இதுவரை கூறியது தொழில்நுட்பம். நாம் இதை எழுத முனைந்ததற்கான காரணம் இனிமேல்தான் வருகிறது.

நீளும் சொல், கூடும் கடமை

‘மிளகு’ என்று கேட்டவருக்கு எந்த ஊர் மிளகைக் கொடுத்தாலும் நாம் பொய் சொன்னவராக மாட்டோம். ‘கொல்லிமலை மிளகு’ என்று கேட்டவருக்கு அந்த மலையில் விளைந்ததைத்தான் கொடுக்க வேண்டும். ‘வெயிலில் காயவைத்த கொல்லிமலை மிளகு, புது அறுவடை’ என்று கேட்டவருக்கு மூன்று செய்திகளும் உண்மையாக இருந்தாக வேண்டும். சொல் நீள நீளச் செலவு குறைகிறது. அதே அளவுக்கு, கடைக்காரர் மீதுள்ள உண்மையின் கடன் கூடுகிறது. விளம்பரப் பாடம் நடத்துபவர்கள் முதல் பாதியை விரிவாகக் கற்பிக்கிறார்கள். மறுபாதியைக் கற்பிக்க வேண்டியது நம் வீடுகளும் மத்ரஸாக்களும்தான்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கண்டு, அதனுள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் அனைவரும் ஓதியிருக்கிறார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்ற கருத்தில் நபியவர்கள் கேட்டு, ஏமாற்றுதலைக் கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் இந்தச் செய்தியில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்த வியாபாரி வாயால் பொய் சொன்னதாக அதில் இல்லை. மேலே தெரிந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. இணையக் கடையில் வாங்குபவர் குவியலுக்குள் கையை நுழைக்க முடியாது. அவர் கையில் இருப்பது அவர் எழுதிய சொல் மட்டுமே. நாம் காட்டும் விளம்பரம் அந்தச் சொல்லுக்கு ‘ஆம்’ என்று பதில் கூறுகிறது. உள்ளே இருப்பதும் ‘ஆம்’ என்று கூற வேண்டும்.

நம் மாணவருக்கு இந்தச் சோதனை விரைவிலேயே வந்தது. மிளகு ஆண்டு முழுவதும் அறுக்கும் பயிரன்று. மலையில் சில்வர் ஓக் மரங்களின் மீது ஏறிப் படர்ந்திருக்கும் கொடிகளிலிருந்து சரங்களைப் பறித்து, மணிகளை உதிர்த்து, வெயிலில் பல நாள்கள் காயவைக்க வேண்டும். 3 கிலோப் பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ 1 கிலோதான் தேறும். அவர் வாங்கி வைத்திருந்த மலைச் சரக்கு ஆடி மாதத்துக்குள் தீர்ந்துவிட்டது. ஆனால், நீள்வால் சொற்கள் அப்போதுதான் நன்றாக வேலை செய்யத் தொடங்கியிருந்தன. ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன. வெளிச்சந்தையில் வேறு ஊர் மிளகு தாராளமாகக் கிடைத்தது. அது கலப்படமற்றது; பப்பாளி விதை கலந்த சரக்கன்று. நிறத்திலும் காரத்திலும் வாங்குபவர் வேறுபாடு காணப் போவதில்லை. “நல்ல மிளகுதானே ஹஜ்ரத், பெயர் மட்டும்தானே வேறு?” என்று அவர் கேட்டபோது அவருடைய குரலில் பேராசை இல்லை, பயமே இருந்தது. தாயாரின் வளையல்களை மீட்டுத் தர வேண்டும் என்ற பயம்.

நாம் அவரிடம் திருப்பிக் கேட்டது இதுதான்: “தம்பி, உங்களிடம் வந்தவர் ‘நல்ல மிளகு’ என்று எழுதினாரா, ‘கொல்லிமலை மிளகு’ என்று எழுதினாரா?” அவர் சிறிது நேரம் பேசவில்லை. அன்றிரவே மலையின் பெயர் கொண்ட சொற்களுக்கான விளம்பரங்களை நிறுத்திவைத்தார். வெளிச்சரக்கை வாங்கி, அது விளைந்த மாவட்டத்தின் பெயரைப் பொட்டலத்தின் மீது எழுதி விற்றார். விற்பனை பாதியாகக் குறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. உண்மை பேசினால் மறுநாளே செல்வம் பெருகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது, அவர்களை ஏமாற்றத்துக்குத் தயார் செய்வதாகும். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பதே நபிமொழியின் கருத்து. பரக்கத் என்பது எண்ணிக்கை மட்டுமன்று.

பெயருக்கு உரியவர்கள்

அடுத்த அறுவடையின்போது மாணவருடனும் அவருடைய அத்தாவுடனும் நாமும் சோளக்காடு சந்தைக்குச் சென்றிருந்தோம். வாழைத்தாரும் அன்னாசியும் மிளகு மூட்டைகளும் மலையின் பல ஊர்களிலிருந்து அங்கே வந்து இறங்குகின்றன. மிளகு கொண்டுவந்திருந்த மலையாளிப் பழங்குடித் தாயார் ஒருவர் மாணவரை அடையாளம் கண்டுகொண்டு, “ஏந் தம்பி, போன்ல எங்க மலைப் பேரப் போட்டுத்தான் விக்கிறீங்களாமே? பேரு எங்களோடது, வெல மட்டும் சந்த வெலயா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பாகக் கேட்டாலும் கேள்வி கூர்மையானது.

எத்தனை பேர் தேடுகிறார்கள், எவ்வளவு விலை என்று நாம் கணக்குப் பார்த்த ‘கொல்லிமலை’ என்ற சொல் விளம்பர நிறுவனத்தின் சொத்தன்று. அதற்கு ஏலம் கூறிய கடைக்காரரின் சொத்துமன்று. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், சரிவான நிலத்தில், தலைமுறைகளாகப் பயிர் செய்தவர்களின் உழைப்பே அந்தப் பெயருக்கு மதிப்பைக் கொடுத்தது. மிளகு மட்டுமா? சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றின் பாரம்பரிய வகைகளை அம்மக்கள் கைவிடாமல் காத்து வந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே அவர்களோடு சேர்ந்து அந்தத் தானியங்களைப் பாதுகாக்கும் பணியைச் செய்து வந்துள்ளது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் ‘சாமை அரிசி’ போன்ற சொற்களும் விளம்பரச் சந்தையில் மதிப்புப் பெற்றன. அந்த மதிப்பு மலைக்கு எவ்வளவு ஏறியது என்று கேட்பது நியாயமே.

சந்தையின் விலையை அறிந்துகொள்ளும் முன்பே, வரும் வழியில் வணிகக் கூட்டத்தை எதிர்கொண்டு சரக்கை வாங்கிவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விலை அறியாதவரின் அறியாமையை இலாபமாக்கிக் கொள்ளக் கூடாது என்பது அதன் உட்கருத்துகளில் ஒன்று என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். தம் மலையின் பெயருக்கு நகரத்தில் என்ன மதிப்பு என்பதை அந்தத் தாயார் அறிந்திருந்தால், பேரம் வேறு விதமாக நடந்திருக்கும். மாணவரின் அத்தா அங்கேயே கைபேசியில் தம் கடையின் விலைப்பட்டியலைத் திறந்து அவருக்குக் காட்டச் சொன்னார். பொட்டலம், அஞ்சல், விளம்பரம் ஆகிய செலவுகளையும் வாய்க்கணக்காகச் சொன்னார். பிறகு அன்றைய சந்தை விலையைவிடச் சற்றுக் கூட்டிக் கொடுத்து வாங்கினார்கள். அது பெரிய தொகையன்று. ஆயினும், சொல்லின் மதிப்பில் ஒரு பங்கு அதற்கு உரியவரிடம் சென்றது.

பிறர் பெயரும் நோயாளியின் தேடலும்

நீள்வால் சொற்களில் இன்னும் இரண்டு வகைகள் குறித்து நம் குடும்பங்கள் விழிப்பாக இருக்க வேண்டும்.

ஒன்று, மற்றொரு கடையின் பெயரைத் தேடுசொல்லாக வாங்குவது. இதுகுறித்த வழக்கு ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. ‘பாரத் மேட்ரிமோனி’ முதலான திருமணத் தகவல் தளங்களை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் தளங்களின் பெயர்களை மக்கள் தேடும்போது போட்டியாளர்களின் விளம்பரங்கள் தோன்றுவதாகக் கூறி, கூகுள் மீதும் அந்தப் போட்டியாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. அச்சொற்கள் பெரிதும் பொதுவான, பொருளை விவரிக்கும் சொற்களே என்ற அடிப்படையில், 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. வேறொரு வழக்கில் 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், பிறரின் வணிகப் பெயரைத் தேடுசொல்லாகப் பயன்படுத்துவது மட்டுமே மீறலாகிவிடாது; ஆனால் அதனால் மக்களிடம் குழப்பம் விளைந்தால் பொறுப்பு உண்டு, அதில் தேடல் நிறுவனமும் வெறும் பார்வையாளரன்று என்ற கருத்தில் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் எல்லை அது. நம் எல்லை இன்னும் சற்று உள்ளே இருக்கிறது. ஒரு சகோதரரின் வியாபாரத்தில் குறுக்கிட்டு வியாபாரம் செய்வதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். பெயர் சொல்லி ஒரு கடையைத் தேடி வருபவர், அந்தக் கடையின் படியில் ஏறிக்கொண்டிருப்பவருக்கு ஒப்பானவர். அவருடைய கையைப் பிடித்து இழுப்பது இந்தத் தடையில் அடங்குமா என்பதை முஃப்திகளிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கு இல்லை. ஆனால், நம் கடைவீதியில் பக்கத்துக் கடைக்காரருக்குச் செய்யக் கூசும் ஒன்றை, முகம் தெரியாது என்பதற்காக இணையத்தில் செய்யலாமா என்ற கேள்வியை நம் மனச்சான்றிடமே கேட்கலாம்.

இரண்டாவது வகை இன்னும் கவலைக்குரியது. கொல்லிமலைக்குச் சென்றவர்கள் முடவாட்டுக்கால் கிழங்கில் செய்த சூப்பை அருந்தியிருப்பீர்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று மலையில் சொல்வார்கள். நம் மாணவரிடம் ஒருவர், ‘மூட்டுவலி முழுமையாகக் குணமாக’, ‘சர்க்கரை நோய் ஒழிய மலை மருந்து’ போன்ற தேடல்களை வாங்கினால் கிழங்கும் மிளகும் வேகமாக விற்கும் என்று ஆலோசனை கூறினார். தொழில் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். அந்தச் சொற்களை எழுதுபவர் யார்? இரவில் உறக்கமின்றி வலியோடு இருக்கும் ஒரு பெரியம்மா. மருத்துவச் செலவுக்கு வழியில்லாத ஒரு தந்தை. மனிதர்கள் தம் அண்டை வீட்டாரிடம் சொல்லாததைத் தேடல் பெட்டியில் எழுதுகிறார்கள். வால் நீள நீள அது ஒருவருடைய வேதனைக்கு அருகில் செல்கிறது. சர்க்கரை நோய் முதலிய நோய்களைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவருடைய துன்பத்தைக் க்ளிக்காக மாற்றிக்கொள்வதை நாம் ரிஸ்க் என்று அழைக்க முடியாது. மாணவர் அந்தச் சொற்களையும் தம் விலக்குச் சொற்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் அமர்ந்து செய்ய வேண்டியது

இணையத்தில் சிறு கடை நடத்தும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பெருகி வருகின்றன. அத்தர், பேரீச்சம்பழம், புர்கா, ஊறுகாய், நோன்புக் கஞ்சிப் பொடி என்று பலரும் விற்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடி தொழில் செய்யும் சகோதரிகள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரத்துக்குச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை முழுவதும் வெளியாரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். பட்டியலை அச்செடுத்து வீட்டில் வைத்து, குடும்பத்தோடு அமர்ந்து படியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே இவற்றைக் கேளுங்கள்: இதை எழுதுபவர் எதைத் தேடி வருகிறார்? அது நம்மிடம் இன்று இருக்கிறதா? இந்தச் சொல்லின் மதிப்பு யாருடைய உழைப்பால் வந்தது, அவருக்கு உரியது சென்றதா? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் அந்தச் சொல்லை வாங்குங்கள். சரக்குத் தீர்ந்த அன்றே விளம்பரத்தை நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை தேடல் அறிக்கையைப் படித்து, நமக்கு உரியவரல்லாதவர் எந்த வழியாக வந்தார் என்று பார்த்து அந்த வழியை மூடுங்கள். அதனால் நம் பணமும் மிஞ்சும், அவருடைய நேரமும் மிஞ்சும்.

அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரை எச்சரிக்கும் அல்முதஃப்ஃபிஃபீன் என்ற 83ஆவது அத்தியாயத்தை நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே மனனம் செய்துவிடுகிறார்கள். அன்றைய அளவை மரக்காலும் தராசும். இன்று சொல்லும் ஓர் அளவையாகிவிட்டது. ஒருவர் கேட்ட சொல்லுக்குக் குறைவாகக் கொடுப்பதும் நிறுவையில் குறைப்பதுதான் என்பதை அந்தப் பாடத்தோடு சேர்த்து நாம் இப்போது பிள்ளைகளுக்கு விளக்கி வருகிறோம்.

நம் மாணவரின் கடை இன்னும் சிறிய கடைதான். தாயாரின் வளையல்களில் ஒன்றைத்தான் இதுவரை வாங்கிக் கொடுக்க முடிந்திருக்கிறது. இந்த அறுவடையில் மலைச் சரக்கை முன்பைவிடக் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறார். அது எந்த மாதம் வரை வரும் என்று கணக்கிட்டு, அந்த மாதத்தோடு விளம்பரம் நின்றுவிடும்படி தேதியையும் இப்போதே குறித்துவிட்டார்.

அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. நாம் கூறும் சொல்லையும் கொடுக்கும் பொருளையும் ஒன்றாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.